இரண்டாவது கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். தாடி சேர் இன்னும் மாலையில் கடற்கரைக்கு நடக்கிறார். உன் கையெழுத்து திருந்தியதா என்று போன கிழமையும் கேட்டார். திருந்தவில்லை என்று உண்மையைச் சொன்னேன். குசலம் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

மூத்தக்காவின் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை இல்லை. உவர் நிலங்களில் நெல் பயிரிடுவது பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் கள உதவியாளர், ஒப்பந்த அடிப்படையில். உன் மூக்குக் கண்ணாடியை உடைத்த அதே சின்னவள்தான். வேலையை விட அது வந்த வழிதான் என்னை இதை எழுத வைத்தது. ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் செய்திகளைத் திறப்பதையே விட்டுவிட்டேன் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாய் அல்லவா? அதற்கும் இதில் என் பதில் இருக்கிறது.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் முடித்த பிறகு அவளும் மற்றவர்களைப் போலத்தான் தொடங்கினாள். லிங்க்டினில் தேடித் தேடி ஆட்களைச் சேர்த்தாள். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். ஒரு நாள் எனக்குக் காட்டினாள்: "மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி" என்று தொடங்கியது. எழுதப்படுவது ஐயாவுக்கா அம்மணிக்கா என்று பார்க்கவும் நேரம் எடுக்காத கடிதத்தை வாசிக்க யாருக்கு நேரம் வரும்? பதிலே இல்லை. அவள் சோர்ந்து போனாள். பிள்ளைக்கு ஆள் பலம் இல்லை என்று அக்கா என்னிடம் அழுதார்.

பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். ஏ.ரி. 354 என்று அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய, உப்பைத் தாங்கும் நெல்லினம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுதாக வாசித்துவிட்டு, தெற்கில் வேலை செய்யும் அதன் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். வேலை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"எங்கள் அம்மப்பாவின் வயல் மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கம் இருக்கிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிக் கடல்நீர் உள்ளே வந்த பிறகு தாழ்ந்த வரவைகளில் (வரம்பு கட்டிய வயல் துண்டுகளில்) நாற்றின் இலை நுனி வெளுத்துக் காய்கிறது. மேட்டு வரவைகளில் அப்படி இல்லை. இது உப்பினால்தானா என்று பார்க்க, மண்ணை எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில் எடுக்க வேண்டும்?"

அந்த மனிதர் மறுநாளே பதில் எழுதினார். முளைக்கும்போது நெல் உப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும், இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் தாங்காது, ஆகவே அந்த இரண்டு வேளையிலும் மேல்மண்ணை எடுங்கள் என்றார். மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்ற கணக்கையும் சேர்த்திருந்தார்.

மச்சான், நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் "மிக்க நன்றி ஐயா" என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். இல்லாவிட்டால் சுயவிபரக்கோவையை இணைத்து, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்பார்கள். இவள் மண்வெட்டியோடு வயலுக்குப் போனாள். வரவைக்கு வரவை மண் எடுத்துப் பொலித்தீன் பையில் கட்டி, பழைய விரிவுரையாளர் ஒருவரிடம் அனுமதி கேட்டு ஆய்வுகூடத்தில் அளந்தாள். வரம்பில் நீர் விடும் வக்கடை எங்கே, வாய்க்கால் எங்கே, வாவி எந்தப் பக்கம் என்று கோட்டுத்தாளில் வயலை வரைந்து, ஒவ்வொரு வரவைக்குள்ளும் அதன் அளவை எழுதினாள். மேட்டு வரவை ஒன்றிலும் உப்பு கூடியிருந்தது. அவள் நினைத்ததற்கு அது மாறானது. அதை மறைக்காமல், அந்த வரவைக்குக் கிணற்று நீர் பாய்ச்சியிருக்கிறார்கள், அதுதான் காரணமாக இருக்குமோ என்று ஒரு கேள்வியோடு அனுப்பி வைத்தாள்.

அந்த இரண்டாவது கடிதத்துக்கு வந்த பதிலை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவளுக்கும் கேள்விகள் வைத்திருந்தார். அதன் பிறகு அவர்கள் எழுதிக்கொண்டது எல்லாம் மண்ணையும் நீரையும் பற்றித்தான். மாதங்கள் கழித்து, அவருடைய நண்பர் ஒருவர் கிழக்குக் கரையை நன்கு தெரிந்த ஆள் தேடியபோது, இவள் கேட்காமலேயே இவள் பெயரைக் கொடுத்திருக்கிறார். அவரை இவள் இன்னும் நேரில் பார்த்ததுகூட இல்லை.

ஒருவர் நமக்காகத் தன் நேரத்தில் கால் மணியைச் செலவழித்தால், அந்தக் கால் மணி என்ன ஆனது என்று போய்ச் சொல்வதுதான் உறவின் தொடக்கம். முதல் கடிதத்தை யாரும் எழுதிவிடலாம். சொன்னதைச் செய்து பார்த்தேன், இது நடந்தது, இது நடக்கவில்லை என்று திரும்பி வந்து சொல்பவர்கள் அபூர்வம். நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதத் தொடங்கி எவ்வளவு காலம்! வேலை கிடைத்ததா இல்லையா என்று பின்பு வந்து சொன்னவர்களின் முகம் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்று நம் கிழவிகள் சொன்னது இதைத்தான்.

இதற்கு ஓர் ஆராய்ச்சிப் பின்னணியும் இருக்கிறது, சின்னவள்தான் வாசிக்கத் தந்தாள். மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பொஸ்ரன் நகருக்கு அருகே புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்து 1973ல் எழுதிய கட்டுரை. தெரிந்தவர் மூலம் வேலை அறிந்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 வீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 வீதம், மிக அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8 வீதம். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும்; தூரத்தில் இருப்பவர் வேறு கூட்டத்தில் பழகுகிறார், வேறு செய்தி அவரிடம் இருக்கிறது. 2022ல் லிங்க்டின் பயனாளர்கள் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூடுதலாக உதவியது ஓரளவு பழக்கம் உள்ள உறவு. அறவே தொடர்பற்றவரின் பெயர் பட்டியலில் கிடப்பதால் அவ்வளவு பயன் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பது என்ன? ஐந்நூறு பேரைச் சேருங்கள் என்பதுதான். சேர்த்துவிட்டு என்ன பேசுவது என்று ஒருவரும் சொல்வதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊரில் ஒருவனைக் கண்டால் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்போம். கொஞ்சம் வயதானவராக இருந்தால் என்ன குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம் என்றும் கேட்பார். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர், வயற்காரப் போடியார், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சித்தப்பா என்று உறவு உள்ளவனுக்கு அந்தக் கேள்வியே கதவைத் திறக்கும். வாகரையில் கடலுக்குப் போகிறவரின் மகனுக்கு எந்தக் கந்தோரில் சித்தப்பா இருக்கிறார்? காந்தி பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டுப் பதாகையோடு உட்கார்ந்திருந்தபோது நான் அந்த வழியாகப் போயிருக்கிறேன். அவர்களில் என்னிடம் படித்த முகங்கள் இருந்தன. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடம் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்பதற்குச் சித்தப்பா தேவையில்லை. கட்டுரையை வாசிக்கும் பொறுமையும், சொன்னதைச் செய்து பார்க்கும் கைகளும் போதும். மறுபக்கத்தில் ஒருவர் அந்தக் கடிதத்தைத் திறக்க வேண்டும். அந்த ஒருவர் நீயாகவும் இருக்கலாம் என்பதால்தான் உன்னோடு சண்டை பிடிக்கிறேன்.

உன் அலுப்பு எனக்கு விளங்காமல் இல்லை. ரொறன்ரோவில் பனியைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், "அண்ணா, ஒரு வேலை எடுத்துத் தாங்கோ" என்று வரிசையாக வந்து கிடக்கும். யாருக்கும் வேலை எடுத்துக் கொடுக்க உன்னால் முடியாது என்பதும், அந்தக் குற்ற உணர்வால்தான் திறக்காமல் விடுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். வேலை கேட்பவர்களுக்கு இரண்டு வரி எழுது: வேலை என் கையில் இல்லை, என் துறை பற்றிக் கேள்வி இருந்தால் கேள் என்று. பலர் திரும்பி வரமாட்டார்கள். திரும்பி வருபவர்களுக்காகத்தான் அந்த இரண்டு வரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு நுண்கணிதம் சொல்லித் தந்து, மறுநாள் காலையில் செய்து காட்டச் சொல்லிப் பிடித்து நிறுத்தியவன் நீ. அந்தப் பொறுமை எங்கும் போயிருக்காது.

இனி என் கோரிக்கை. நம் விக்கெட் காப்பாளரின் மகன் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு அக்கரைப்பற்றில் இருக்கிறான். குழாய்களில் குடிநீர் கசிந்து வீணாவதைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றித் தானாகவே வாசித்துக்கொண்டிருக்கிறான். இரவில் வீதி அடங்கிய பிறகு தண்ணீர் மானியை வாசித்துக் குறித்த கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். எவரும் தண்ணீர் எடுக்காத நேரத்திலும் மானி ஓடுகிறது, அது எவ்வளவு ஓடினால் கசிவு என்று முடிவு செய்யலாம் என்று என்னிடம் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நீ இருபது வருடமாகச் செய்யும் வேலை அது.

உன் பெயரை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்காமல் உன் முகவரியைக் கொடுப்பது உனக்கும் அழகில்லை, நீ பதில் போடாவிட்டால் அவன் மனம் உடையும். சம்மதம் என்றால் எனக்கு ஒரு வரி எழுது. ஒரே ஒரு கேள்வியோடு, அந்தக் கொப்பியின் படத்தையும் சேர்த்து அவனை எழுதச் சொல்கிறேன். வேலை பற்றி ஒரு சொல்லும் இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. நேரமில்லை என்றாலும் அதையே எழுது, கோபிக்க மாட்டேன். வேறு யாரையாவது தேடுவேன். ஆனால் சித்திரைக்கு முன் சொல்லிவிடு, பையன் சவூதிக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போவதாக அவன் தாய் சொல்கிறார்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மச்சான்