பாத்ரூம் சுவிட்ச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். ஆண்கள் எப்போது யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அதில் விரிவாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். என் கணவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவருக்கு 64 வயது. ராத்திரியில் பாத்ரூம் சுவிட்ச் போடும் சத்தம் முதலில் ஒரு தடவை கேட்டது, அப்புறம் இரண்டு, கடைசியில் ஐந்து. போனவர் சீக்கிரம் வரவும் மாட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் அவருக்குச் சிறுநீர் வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னவென்று கேட்டால், "வயசானா அப்படித்தான், நீ தூங்கு" என்பார். வெளியூர் போவதென்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். இரண்டு வருடம் இப்படியே ஓடிப்போனது.

ஒரு நாள் ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. விடிவதற்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. வலி என்று ஒரு நாளும் வாய்திறக்காத மனிதர், உட்காரவும் முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரப் பிரிவில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. சிறுநீர்ப்பை சாதாரணமாகத் தாங்குவதே அரை லிட்டர் அளவுதானாம்.

யூராலஜி டாக்டர் என்றால் கிட்னிக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். சிறுநீர் போகும் பாதை முழுவதும், ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளும் அவர்கள் பார்ப்பதுதான். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருப்பதையும், வயது ஏற ஏற அது பெரிதாகிக் குழாயை நெருக்குவதையும் டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஏற்கெனவே நெருங்கிய பாதையைச் சில ஜலதோஷ மாத்திரைகள் இன்னும் இறுக்கிவிடுமாம். சிறுநீர் தேங்கிக்கொண்டே இருந்தால் கிருமித்தொற்று வரும், கல் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம். "முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே சரிசெய்து பார்த்திருக்கலாம்" என்று அவர் சொன்னதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. இவருக்கு ஆபரேஷன் வரை போய்விட்டது.

இடையில் புராஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாக வந்ததும் புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். சாதாரண வீக்கத்திலும், தொற்றிலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும்கூட அந்த அளவு ஏறும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அத்தனை பயந்திருக்க மாட்டேன். இவருக்குப் புற்றுநோய் இல்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் பக்கத்தில் இருந்தவர்கள் பேசியதும் காதில் விழுந்தது. சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவைதான் வந்தது, வலியும் இல்லை, தானாக நின்றுவிட்டது, அதனால் விட்டுவிட்டேன் என்றார் ஒருவர். வலியில்லாமல் வரும் ரத்தத்தைத்தான் விடவே கூடாது, அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம், புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பையனுக்குத் திடீரென்று விரையில் கடும் வலி வந்தால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் விரையைக் காப்பாற்ற முடியும். காலையில் பார்க்கலாம் என்று படுக்கவைத்துவிடக் கூடாது. வெட்கப்பட்டு அம்மாவிடம் வயிற்றுவலி என்றுகூடச் சொல்வான். விரையில் வலியே இல்லாத கட்டி தென்பட்டாலும், 20 வயதுப் பையனாக இருந்தாலும், உடனே காட்ட வேண்டும்.

விறைப்புக் குறைபாட்டையும் தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள். ஆணுறுப்பில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை என்பதால், அடைப்பு முதலில் அங்கேதான் தெரியவரலாம். அதை வெட்கத்தில் மூடிவைத்தால் இதயநோயின் எச்சரிக்கையையும் சேர்த்தே மூடிவைக்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் படிக்கிறேன். என் கணவர் பேப்பரைப் பின்னாலிருந்து, விளையாட்டுச் செய்தியில்தான் தொடங்குவார். முடிந்தால் இதை அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி