சாரல் படங்கள்: இரண்டு கிலோமீட்டருக்குள்

அனைவருக்கும் வணக்கம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இந்த முறை அருவியும் வேண்டாம், சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தியும் வேண்டாம். போன வருடமே அவற்றைப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. அவரவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எடுத்தது மட்டும் அனுப்புங்கள். குளத்துக்கரை, வரப்பு, டீக்கடை, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாடு ஓட்டி வருபவர், எதுவானாலும் சரி.

சாரல் படத்தில் விழவே மாட்டேன் என்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வெள்ளை வானத்துக்கு முன்னால் அது தெரியாது. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும்: பனங்கூட்டம், கரிய மலை, திறந்து கிடக்கும் கதவு. வெளிச்சம் எதிரிலிருந்தோ பக்கவாட்டிலோ வரட்டும். ஷட்டர் வேகம் 1/60 நொடி என்றால் துளிகள் கோடாக விழும். 1/1000 வைத்தால் புள்ளியாக நிற்கும். மஞ்சு இறங்கும்போது கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டிவிடுங்கள். மொபைலிலும் விரலால் தொட்டு மேலே இழுத்தால் போதும்.

நடவு வயலில் ஆட்களை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கு 3 படம், ஞாயிறு இரவு 8 மணிக்குள். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் தரம் குறைந்துவிடும். அப்புறம், குட்மார்னிங் படங்கள் இந்தக் கணக்கில் சேராது!