மூட்டை நனைஞ்சதை சொன்னதுக்கு மண்டபமா?

ஐயா, வணக்கம். கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட்டை நனைஞ்சு முளைவிட்டுடுச்சு, அதை சொல்ல 30 பேர் ரோட்டோரமா நின்னோம், உடனே வேன்ல ஏத்தி கல்யாண மண்டபத்துல வச்சு சாயங்காலம்தான் விட்டாங்க (சாம்பார் சாதம் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்). கேட்டா போலீஸ் சட்டம் 30(2) அமல்ல இருக்காம், அதாவது கூட்டம், ஊர்வலம்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணுமாம். 1861ல வெள்ளைக்காரன் போட்டது சார் அது! ஆயுதம் இல்லாம அமைதியா கூடலாம்னு அரசியல் சாசனம் 19வது பிரிவு சொல்லுது, 144 தடை உத்தரவு போட்டு நியாயமான குறையை சொல்றதை தடுக்கக்கூடாதுன்னு 2020ல காஷ்மீர் இன்டர்நெட் தடை பத்தின அனுராதா பாசின் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, இப்ப அந்த 144 புது குற்ற நடைமுறைச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 163 ஆயிடுச்சு, நம்பர்தான் மாறுது. இனிமே தடை போட்டா உத்தரவை ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க, நாங்களும் படிச்சுக்கிறோம்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி பக்கம்