செராமிக் கோட்டிங் விற்பவர்கள் சொல்லாமல் விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுக் கார் வாங்கப் போனால், சாவி கைக்கு வருவதற்கு முன்பே "செராமிக் கோட்டிங் போட்டுடலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். காரின் பெயின்ட் மேல் பூசுகிற பாதுகாப்புப் பூச்சு அது. நானும் போட்டேன். போட்டதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் போடும்போது சொன்னதில் பாதி பொய். இதைப் படிக்கிற ஒருவராவது கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"9எச் கடினம் சார், கீறலே விழாது, இனிமேல் கழுவவே வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும்" என்றார்கள். நம்பினேன். ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சாய்ந்த வெயில் பானெட்டில் விழுந்தபோது பார்த்தால், சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். கதவு ஓரத்தில், தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். மனசு விட்டுப்போயிற்று. அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

அந்த 9எச் என்பது பென்சில் கணக்கு. கெட்டித்தன்மை வேறுபடும் பென்சில்களால் பூச்சின் மேல் கோடு இழுத்து, எந்தப் பென்சில் வரை தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்கிற மோஸ் அளவுகோலில் 9 என்றால் மாணிக்கமும் நீலக்கல்லும் இருக்கிற இடம். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோட்டிங்கின் தடிமன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான், அதற்குக் கீழே, கார் வண்ணத்தின் மேல் கம்பெனியிலேயே பூசி வருகிற நிறமில்லாத கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடி பொதுவாக அதைவிடத் தடி. ரோட்டில் தெறிக்கிற கல்லை இது எப்படித் தடுக்கும்? கல்லுக்கு பிபிஎஃப் என்கிற, பெயின்டைக் காக்கும் தடித்த பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேண்டும், அது தனிச் செலவு.

என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு கோட்டிங்கில் இல்லை, அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையில் இருக்கிறது. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கிற மருந்து அடிக்க வேண்டும், துகள் இருக்கிற இடத்தில் அது ஊதா நிறமாக வழியும். அதற்கப்புறம் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற 'கிளே பார்' என்ற களிமண் போன்ற கட்டியைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அதன் பிறகுதான் கோட்டிங். ஒழுங்காகச் செய்தால் ஒரு நாளாவது ஆகும். என் காரை இரண்டரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புதுக் கார்தானே என்று நானும் இருந்துவிட்டேன். புதுக் காரிலும் லாரியில் வந்த தூசியும், அவசரமாகத் துடைத்த துணியின் கீறலும் இருக்கும். அதன் மேலேயே பூசினால் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பிறகு எடுக்க வேண்டுமென்றால் கோட்டிங்கையே பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், கூடவே கிளியர் கோட்டும் கொஞ்சம் போகும். போனது திரும்ப வளராது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். காரைக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுவென்று தெரிந்த இடம், பைக்குள்ளிருந்து தடவினால் மணல் மாதிரி நெருடும். நெருடினால் அது கோட்டிங்குக்குத் தயாராகவில்லை.

வெள்ளை வளையத்துக்கும் காரணம் இருக்கிறது. கோட்டிங் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகு. ஆனால் உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் அந்தந்த இடத்திலேயே சுண்டிக் காய்ந்து உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே கோட்டிங் போட்ட காரைக் கழுவியதும் இன்னும் கவனமாக ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். கழுவவே வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய பொய் பாருங்கள்.

காருக்குப் பூசுகிற வேக்ஸ், அதாவது மெழுகு, இந்த விஷயத்தில் நேர்மையானது. பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகுதான் அதில் பேர்போனது. சில வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மாதம் நிற்கும், காட்டமான சோப்புப் பட்டால் அதற்கு முன்பே போய்விடும். ஆனால் தப்பாகப் பூசினால் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசலாம், பூசுகிற சாக்கில் காரின் ஒவ்வொரு அங்குலமும் நம் கண்ணில் படும். கோட்டிங் அப்படியில்லை, பூசிய பிறகு நேரத்துக்குத் துடைக்காமல் விட்டால் திட்டுத் திட்டாக இறுகிப்போகும். நன்றாகப் போட்ட கோட்டிங் இரண்டு மூன்று வருடம் உழைக்கும், அழுக்கு சீக்கிரம் விடும், பறவை எச்சத்தைத் துடைக்க நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். எச்சத்தை வெயிலில் அப்படியே விட்டால் கோட்டிங் போட்டிருந்தாலும் கறை விழும். எப்போதும் வெட்டவெளியில் நிற்கிற கார், அடிக்கடி கை வைக்க நேரமில்லாதவர் என்றால் கோட்டிங் சரி. கூரைக்கு அடியில் நிற்கிறது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடியும் என்றால் வேக்ஸே தாராளம்.

விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கோட்டிங்குக்கு முன்னால் என்னென்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் செய்தீர்கள், உத்தரவாதம் செல்ல வருடாவருடம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். எனக்கு வந்த பில்லில் "செராமிக் கோட்டிங்" என்ற இரண்டு வார்த்தைகளும் தொகையும் மட்டும்தான் இருந்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்