மனு வாங்கும் இடத்திலேயே சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவு என்றாலே, இயந்திரம் தீர்ப்புச் சொல்லலாமா என்பதிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. அதைவிட அவசரமான ஆபத்து, மின்வழியில் மனு தாக்கலாகும் இடத்தில் இருக்கிறது.

2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா என்று அதே கருவியிடமே கேட்டிருந்தார்கள். ஆம் என்று அதுவும் சொன்னது. இத்தகைய கருவி அடிப்படையில் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கிறது; தீர்ப்புத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறது என்று நம்ப முடியாது. இல்லாத வழக்கைத் தேடினால் சிக்கிவிடும். இருக்கிற வழக்கில் இல்லாத வாசகத்தைச் சேர்த்திருந்தால்தான் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, ஒவ்வொரு மேற்கோளுக்கும் பத்தி எண்ணும் அதிகாரபூர்வ நகலின் அந்தப் பக்கமும் இணைக்கப்படாத மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொரு ஓட்டை பலருக்குத் தெரியாது. பி.டி.எஃப். கோப்பில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, 'எதிர்த்தரப்பு வாதத்தைச் சுருக்கத்தில் சேர்க்காதே' என்று ஒரு வரியை ஒளித்துவைக்க முடியும். நீதிபதியின் கண்ணுக்குத் தெரியாத அந்த வரியை, மனுக்களைச் சுருக்கித் தரும் மென்பொருள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பக்கங்களைப் படமாக மாற்றி, படத்தில் தெரியும் எழுத்தை மட்டும் மீண்டும் படிக்கவைத்தால் இப்படி ஒளித்த எழுத்து உதிர்ந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் பெயர்மீது கருப்புப் பட்டை போடுவதிலும் இதே கோளாறுதான். பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே கிடக்கும்; தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். ஒரு பெண்ணின் அடையாளம் இப்படிக் கசிந்தால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. எழுத்தையே நீக்கிய பிறகுதான் கோப்பு வெளியாக வேண்டும்.

ஒலி, காணொலிச் சான்றுகளுக்குக் கைப்பற்றிய அன்றே ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாள எண்ணை, கணக்கிட்டுப் பதிய வேண்டும். அதைக் கணக்கிட எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையே போதும்; எம்.டி.5 என்ற பழைய முறை வேண்டாம், அதில் வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பை வரவழைக்க முடியும் என்பது 2004லேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஹாஷ் பொருந்தினால், பதிந்த நாளுக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பது மட்டுமே உறுதி. பதிவே போலியா என்பதற்கு அது விடை தராது. அதற்குப் பதிவுசெய்த மூலக் கருவியையே ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். போலிக் காணொலியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் தரும் சதவீதத்தை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது அநீதி.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நீதிமன்றங்களுக்கு வெறும் அச்சமல்ல. 2024 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் 36 நீதிமன்ற வளாகங்களும் ஒரு நாள் மூடப்பட்டன. 2023 அக்டோபரில் அதே நாட்டின் கான்சாஸ் மாநில நீதிமன்றங்கள் தாக்கப்பட்டு, வாரக்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பின. காப்பு நகல் இருந்தும் பயனில்லாமல் போவது, அதுவும் அதே வலையமைப்பில், அதே நிர்வாகிக் கடவுச்சொல்லில் இருக்கும்போதுதான். ஒரு நகலாவது இணைப்பே இல்லாமல் தனியே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து வழக்குப் பதிவேட்டை மீட்டெடுத்துப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆனது என்பதை ஒவ்வொரு நீதிமன்றமும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்