விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வர்ற ஆபீசர்களுக்கும் சங்கத்து அண்ணன்மார்களுக்கும்: மனு போதும், லிஸ்ட் போடுவோம்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத்துறை, வேளாண்மை, வாணிபக் கழகம், மின்வாரியம்னு மேடையில உக்கார்ற சார் மேடம் எல்லாருக்கும், எதிர்ல தோள்ல துண்டோட உக்கார்ற சங்கத்து அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் மன்னார்குடி பக்கம், கோரையாத்து பாசனம், சம்பா போடுறவன், ஆனா சம்பளம் வர்றது தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல டெக்னீசியன் வேலையில. அதனால வெள்ளிக்கிழமை லீவு கெடச்சா கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில உக்காருவேன். பார்த்ததுல சொல்றேன், ரெண்டு பக்கமும் கோவிச்சுக்க வேண்டாம்.

மனு குடுக்குறோம், மைக்ல பேசுறோம், மேடையில இருந்து நடவடிக்கை எடுக்கப்படும்னு பதில் வருது, டீ வருது, அடுத்த மாசம் புது மனு. போன மாசம் சொன்னது என்ன ஆச்சுன்னு அதை முதல்ல எடுத்து படிக்கிற வழக்கமே கிடையாது. சங்கத்து மேலயும் குறை இருக்கு. "டெல்டா முழுக்க ஆறு, வாய்க்கால், வடிகால் அனைத்தையும் போர்க்கால அடிப்படையில் தூர்வார வேண்டும்"னு எழுதி குடுத்தா அதை வாங்குற ஏ.இ. (நீர்வளத்துறை உதவிப் பொறியாளர்) என்னதான் பண்ணுவாரு, எந்த வாய்க்கால்னு அவருக்கும் தெரியாது, குடுத்த நமக்கும் தெரியாது, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு போயிடுறோம்.

எங்க தியேட்டர்ல ஒரு லிஸ்ட் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்தது, மொத்தமே 19 விஷயம், ஒரு பக்கத்துல அடங்கிடும். அதோட சூட்சுமம் என்னன்னா மூணே மூணு இடத்துல எல்லாரும் கையை நிறுத்தணும். மயக்க மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பேஷன்ட் தியேட்டரை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு தடவ. பேஷன்ட் பேரு, எந்த பக்கம் ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கா, பஞ்சு, துணி, கருவி எண்ணிக்கை சரியா இருக்கான்னு சத்தமா வாய்விட்டு கேக்கணும், சத்தமா பதில் சொல்லணும். எட்டு நாட்டுல எட்டு ஆஸ்பத்திரியில, அதுல ஒண்ணு டெல்லி, இதை வச்சு பார்த்தாங்க, 2009ல ரிசல்ட் வந்துச்சு, சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு எறங்குச்சு, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல் 11ல இருந்து 7க்கு. புது மெஷின் கெடையாது, புது மருந்து கெடையாது.

இதை கேட்டுட்டு நாளைக்கே எல்லா ஆபீஸ்லயும் ஒரு படிவம் அடிச்சு ஒட்டிடாதீங்க, அதுக்குத்தான் பயந்து எழுதுறேன். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இந்த மாதிரி லிஸ்ட்டை எந்த அளவுக்கு பூர்த்தி பண்றோம்னு எல்லா ஆஸ்பத்திரியும் வெளிப்படையா கணக்கு குடுக்கணும்னு அரசாங்கமே கட்டாயம் ஆக்குனாங்க. 101 ஆஸ்பத்திரி கணக்கை எடுத்து 2014ல பார்த்தா, லிஸ்ட் பூர்த்தி பண்றோம்னு கிட்டத்தட்ட அத்தனை பேரும் தங்களுக்கு நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல மார்க் போட்டிருக்காங்க, ஆனா சாவு எண்ணிக்கையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. ஏன்னு இன்னும் சண்டை ஓடுது, என் அபிப்பிராயம் என்னன்னா டிக் அடிக்கிறது வேற, நின்னு கேக்குறது வேற. நம்ம ஊர்ல டிக் அடிக்கிற கலையில நாம யாருக்கும் சளைச்சவங்க இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொன்னு. அமெரிக்காவுல பால்டிமோர்ல பீட்டர் ப்ரோனோவோஸ்ட்னு ஒரு ஐ.சி.யூ. டாக்டர், 2001ல, பெரிய ரத்தக்குழாய்ல லைன் போடுறதுக்கு அஞ்சே அஞ்சு படி எழுதுனாரு, கை கழுவு, மருந்தால தோலை சுத்தம் பண்ணு, ஆளை முழுசா துணியால மூடு, இந்த மாதிரி. எந்த டாக்டருக்கும் தெரியாத சங்கதி ஒண்ணு கூட அதுல இல்ல. அந்த அஞ்சு படியோட அவர் கூடுதலா சேர்த்த ஒரு விஷயம்தான் முக்கியம், டாக்டர் ஒரு படியை விட்டா பக்கத்துல நிக்கிற நர்ஸ் "நிறுத்துங்க சார்"னு சொல்லலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிக்கும். அப்புறம் மிச்சிகன்ல நூத்துக்கும் மேல ஐ.சி.யூ.ல இதே முறையை செஞ்சு ரத்தத்துல வர்ற தொத்தை பெருமளவு குறைச்சாங்க. நம்ம ரெகுலேட்டர்ல (ஆத்துத் தண்ணிய பிரிச்சு விடுற எடம்) நின்னு ஷட்டரை ஏத்தி எறக்குற லஸ்கர், ஏ.இ.யை பார்த்து "இந்த ஷட்டர் கீழ எறங்காது சார், இப்போ தண்ணி விடாதீங்க"ன்னு சொல்ல முடியுமா? சொன்னா அவரு கதி என்னன்னு யோசிச்சு பாருங்க.

இப்போ தூர்வாரலுக்கு வர்றேன், இதுலதான் எனக்கு வயிறு எரியுது.

வருஷா வருஷம் சித்திரை வைகாசியில ஜே.சி.பி. எறங்குது. மேட்டூர் அணையை வழக்கமா திறக்குற ஜூன் 12ஐ வச்சுத்தான் லிஸ்ட் போடுறாங்க. ஆனா மேட்டூர் நம்ம காலண்டரை பார்த்தா திறக்குது, 2022ல மே 24லயே திறந்தாச்சு, 2024ல ஜூலை 28 வரைக்கும் திறக்கல. அதனால தேதிய வச்சு போடுற லிஸ்ட் டெல்டாவுக்கு ஆகாது. தியேட்டர்ல "பத்து மணிக்கு செக் பண்ணு"ன்னு இல்ல, "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ணு"ன்னுதான் இருக்கு. அதே மாதிரி இங்கயும் மூணு இடம் இருக்கு: மெஷின் எறங்குறதுக்கு முன்னாடி, மெஷின் வெளிய போறதுக்கு முன்னாடி, தண்ணி விடுறதுக்கு முன்னாடி.

எறங்குறதுக்கு முன்னாடி ஏ.இ.யும் கான்ட்ராக்டரும் ரெண்டு ஆயக்கட்டு விவசாயியும் வரப்புல நின்னு எங்க இருந்து எங்க வரைக்கும், எவ்ளோ ஆழம், அள்ளுற மண்ணு எங்க போகும்னு பேசி முடிக்கணும், ஏன்னா மண்ணை கரையிலயே கொட்டிட்டு போனா முதல் மழையில திரும்ப உள்ளதான் வரும். மெஷின் போறதுக்கு முன்னாடி கடைசி மதகு வரைக்கும் நடந்து பார்க்கணும். ஏ, பின்னு சொல்ற பெரிய வாய்க்காலை அழகா வாரிட்டு, அதுல இருந்து பிரியுற சின்ன சி, டி வாய்க்கால்ல பாதியில நிறுத்திட்டு போனா கடைமடைக்காரனுக்கு எதுவுமே செய்யாததுக்கு சமம், ஆறு மூணா பிரியுற மூணாறு தலைப்புல தண்ணி பொங்கி போறதை போட்டோ எடுத்து என்ன பிரயோஜனம். தண்ணி விடுறதுக்கு முன்னாடி ஷட்டர் ஏறி எறங்குதா, பலகை இருக்கா, வெங்காயத்தாமரை எங்க அடைச்சிருக்குன்னு பார்த்து சொல்றது லஸ்கர் வேலை, அவர் சரின்னு சொன்னாதான் விடணும். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை வர மூணு நாலு நாள் ஆகும், அந்த இடைவெளியில கூட இதை முடிக்கலாம்.

வடிகாலை தனியா எழுதணும்னு ஒரு சின்ன வேண்டுகோள். பாசன வாய்க்கால்னா எல்லாருக்கும் ஞாபகம் வருது, ஐப்பசியில வயல் மூழ்குன பிறகுதான் வடிகால் ஞாபகம் வருது.

நெல் கொள்முதல் நிலையத்துக்கும் இதே கதைதான், நீட்ட வேண்டாம். குறுவை அறுப்பும் வடகிழக்கு மழையும் ஒண்ணா வரும்னு பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஈரப்பதம் 17 சதவீதம்தான்னு விதி, தளர்த்தணும்னா டெல்லிக்கு எழுதி, அங்க இருந்து டீம் வந்து, சாம்பிள் எடுத்து, அதுக்குள்ள நெல்லு முளை விட்டுரும். சென்டர் திறக்குற அன்னிக்கு தார்ப்பாய் எத்தனை, சாக்கு எத்தனை, ஈரப்பத மீட்டர் சரியா காட்டுதா, லாரி என்னிக்கு வரும், குடோன்ல இடம் இருக்கா, இதை பட்டியல் எழுத்தரும் விவசாயியும் சேர்ந்து படிச்சு வாசல்ல எழுதி போட்டா பாதி சண்டை குறையும். கல்யாண வீட்டுல சமையல் மாஸ்டர் குடுக்குற மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கணும், வேலை செய்யுறவன் எழுதுனது, அளவோட எழுதுனது.

மின்வாரியத்து சார்களுக்கு நான் சொல்லி தர வேண்டியதில்ல. எல்.சி. (லைன் கிளியர் அனுமதி) வாங்காம, லைனை ஆஃப் பண்ணி எர்த் பண்ணாம கம்பத்துல கை வைக்காதேன்னு உங்க கிட்ட ஏற்கனவே விதி இருக்கு. கஜா புயல் அடிச்சப்போ, 2018 நவம்பர்ல, வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் வந்து கம்பம் நட்ட உங்க ஆளுங்களை எங்க ஊர் மறக்கல. மேடையில இருக்குற மத்த துறைக்கு நீங்களே இதை சொல்லி குடுக்கலாம்.

கும்பகோணத்தை சொல்லாம முடியாது. 2004 ஜூலை 16, ஸ்கூல் கூரை தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் எவ்வளவோ விதி வந்துச்சு, அதுல கூரைக் கொட்டகையில ஸ்கூல் நடத்தக் கூடாதுங்கறது மட்டும் கண்ணு முன்னாடி நடந்துச்சு. ஏன்னா ரோட்டுல போறவன் கூட கீத்து இருக்கா இல்லயான்னு பார்த்து சொல்லிடலாம். பேப்பர்ல மட்டும் இருக்குற விதிய யாரு பார்க்கறது? அதனால லிஸ்ட்ல எழுதுற ஒவ்வொண்ணும் ஊர்க்காரன் போய் நின்னு பார்த்து ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கணும். "உரிய நடவடிக்கை", "விரைவில்", "போதிய அளவு", இதெல்லாம் லிஸ்ட்ல வரவே கூடாது.

நான் கேக்குறது பெருசு இல்ல. கூட்டத்தோட முதல் பத்து நிமிஷம் புது மனு வேண்டாம், போன மாச லிஸ்ட்டை ஒருத்தர் எழுந்து படிக்கட்டும், எந்த வேலை, யார் பொறுப்பு, எதுக்கு முன்னாடி முடியணும், முடிஞ்சுதா. முடியலன்னா ஏன்னு ஒரு வரி. திட்ட வேண்டாம் அண்ணே, திட்டுனா அடுத்த மாசம் முடிஞ்சுதுன்னு பொய் எழுதிருவாங்க, ஒன்டாரியோ கதைதான். ஒரு துறைக்கு ஏழு எட்டு வேலைக்கு மேல போக வேண்டாம், நூறு வேலை எழுதுனா ஒண்ணும் நடக்காது. சம்பா முடிஞ்சதும் மாசியில ஒரு தடவ உக்காந்து எது வேலைக்கு ஆகலயோ அதை அடிச்சுடலாம், லிஸ்ட் என்ன கல்வெட்டா?

சங்கத்து அண்ணன்மார்களுக்கு தனியா ஒண்ணு: நம்ம பக்கத்து வேலையும் அதுல வரணும். வயல் வாய்க்காலை வெட்டுறது, வரப்ப வாய்க்காலுக்குள்ள நகத்துனவன் அதை பின்னால எடுக்குறது, இதுக்கு எந்த ஏ.இ.யும் வர மாட்டாரு. பேரு போட்டு எழுதுவோம்.

எங்க ஊர் சி வாய்க்காலுக்கு மட்டும் நாங்களே ஒண்ணு எழுதி வச்சிருக்கோம், ஒரு பக்கம், தலைமதகுல இருந்து கடைசி வயல் வரைக்கும். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வர்றேன். ஏ.இ. சார் அதை வாங்கி ஃபைல்ல வைக்காம, தப்பு இருக்குற எடத்துல அங்கேயே பேனாவால அடிச்சு திருத்தி, ஒரு ஜெராக்ஸ் எங்களுக்கும் ஒண்ணு லஸ்கருக்கும் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
கோரையாத்து பாசனத்து சம்பா விவசாயி ஒருத்தன்