960ல ஒண்ணு நம்ம பழைய ஆட்டம்

கண்ணா,

ஞாயித்துக்கிழமை போன்ல நான் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். நீ "சரிம்மா, அப்புறம் பேசுறேன்"னு வெச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். மெசேஜ்ல துண்டு துண்டா சொன்னா இது சரியா வராது, அதான் உக்காந்து முழுசா டைப் பண்றேன், நீயும் அவசரமில்லாத ஒரு நேரம் பாத்துப் படி.

நீ சொன்னது இவ்வளவுதான். பாப்பாவுக்கு செஸ் சொல்லித் தரப் போற, ஆனா பழைய செஸ் வேணாம், பின்வரிசைக் காயை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாத்தி மாத்தி அடுக்கற அந்த 960லயே நேரா ஆரம்பிச்சுடலாம், பழசுல ஆட்டம் ஆரம்பிக்கற ஓப்பனிங் மூவெல்லாம் மனப்பாடம்தான், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தோண்டி எடுத்துருச்சு, இனிமே அதுல என்னம்மா இருக்குன்னு கேட்ட. அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்குன்னு தெச்சுருச்சு. ஆளாளுக்கு இப்படி மாத்திக்கிட்டே போனா ஒரிஜினல் செத்துரும்டானு கத்திட்டேன். மூணு நாளா அதையே நெனச்சுட்டிருந்ததுல, நான் சொன்னது பாதி தப்பு, மீதி பாதி சரிதான் ஆனா அதை நான் ஒழுங்கா சொல்லலைன்னு தோணுது.

தப்பை மொதல்ல சொல்லிடறேன். நான் ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்றேனே அதுவே ஒரு காலத்துல விதியை மாத்தி வந்த புது வேரியன்ட்தான். இந்தியாவுல இருந்து பாரசீகம் போயி, அரபுக்காரங்க கைக்கு வந்து, அப்புறம் ஐரோப்பாவுக்குப் போன அந்த ஆட்டத்துல ராணியே கிடையாது, அந்த எடத்துல மந்திரி, குறுக்கால ஒரே ஒரு கட்டம்தான் நகரும். இப்ப குறுக்கால ஓடற பிஷப் இருக்கற எடத்துல யானை, குறுக்கால ரெண்டாவது கட்டத்துக்குத் தாவும், அதோட சரி. 15ஆம் நூற்றாண்டு கடைசிலதான் அந்த மந்திரியை ராணியாக்கி எந்தப் பக்கமும் எவ்வளவு தூரமும் ஓடலாம்னு வுட்டாங்க, பிஷப்புக்கும் முழுக் கோடு கெடச்சுது. பழசு ஆடிப் பழகினவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், பிரெஞ்சுல அதுக்கு வெறி புடிச்ச ராணியோட செஸ்னே ஒரு பேர் இருந்துச்சு. கொஞ்ச காலத்துலயே ஐரோப்பாவுல பழைய ஆட்டம் இருந்த எடம் தெரியாம போச்சு. அந்த வெறி புடிச்ச ராணியைத்தான் நான் உனக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், அதைத்தான் இன்னிக்கு பழசுன்னு சொல்லி உன்கிட்ட சண்டை போடறேன்.

அப்புறம் போன மாசம் நீ லிங்க் அனுப்பி நாம ஆடின அந்த 960. தோத்தது எனக்கு வருத்தமே இல்ல, தோத்த விதம் இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது. ரெண்டு பிஷப்பும் இடது ஓரமா ஒண்ணை ஒட்டி ஒண்ணு, பக்கத்துல ராணி, அப்புறம் ரூக், ராஜா, குதிரை, ரூக், கடைசி மூலையில இன்னொரு குதிரை. நான் வழக்கம் போல ராணிக்கு பக்கத்து சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன், நீ உன் பிஷப் ரெண்டும் நிக்கற பக்கம், ஓரத்துல இருந்து ரெண்டாவதா இருக்கற சிப்பாயை ஒரு கட்டம் நகத்தின, அதை நான் கவனிக்கவே இல்ல. வலது பக்க ரூக்குக்கு முன்னாடி இருந்த சிப்பாயை ரெண்டு கட்டம் வுட்டுட்டு, வழி கெடச்சுதேன்னு ரூக்கையும் மேல தூக்கினேன், தூக்கின அடுத்த செகண்டு உன் மூலையில சும்மா கெடந்த பிஷப் போர்டு முழுக்கக் குறுக்கால வந்து என் மூலைக் குதிரையை அள்ளிட்டுப் போயிருச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆடறேன், மூலையில பிஷப் நிக்கும்னு என் கண்ணுக்குத் தெரியல, ஏன்னா மூலைன்னா அங்க ரூக்குதான்னு கண்ணு பழகிப் போயிருக்கு. அப்பதான் நீ சொன்ன மனப்பாடம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது, அது ஓப்பனிங் புக்குல மட்டும் இல்ல, பார்வைக்குள்ளயும் இருக்கு. அதுக்கப்புறம் நம்ம சாதா ஆட்டம் ஆடும்போது பிஷப்போட கோட்டை ஒவ்வொரு தடவையும் கடைசி கட்டம் வரைக்கும் விரலை வெச்சுப் பாக்கறேன். அதனால வேரியன்ட் ஒரிஜினலைக் கெடுக்கும்னு நான் சொன்னது என் விஷயத்துலயே பொய்.

பழைய உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூன்ல பியூனஸ் அயர்ஸ்ல இதை அறிவிச்சப்ப அவர் ஒண்ணும் செஸ்ஸை ஒழிக்கறதுக்குக் கெளம்பல, வீட்டுல உக்காந்து தயார் பண்ணிட்டு வந்த மூவை போர்டுல ஒப்பிக்கறதுதான் அவருக்குப் புடிக்கல. ரெண்டே கண்டிஷன், பிஷப் ரெண்டும் வேற வேற கலர் கட்டத்துல இருக்கணும், ராஜா ரெண்டு ரூக்குக்கும் நடுவுல இருக்கணும், கணக்குப் போட்டா 960 விதம். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது என்ன தெரியுமா, 0ல இருந்து 959 வரைக்கும் நம்பர் குடுத்து வெச்சிருக்காங்கல்ல, அதுல 518ஆவது நம்ம சாதா செஸ்ஸேதான். பழசை வெளிய தள்ளாம வீட்டுக்குள்ளயே ஒரு ரூம் குடுத்து வெச்சிருக்கு. 2019ல இதுக்கு அஃபிஷியலா உலக சாம்பியன்ஷிப் நடந்து, அப்ப சாதா செஸ்ஸுக்கு உலக சாம்பியனா இருந்த கார்ல்சனையே வெஸ்லி சோ 13.5க்கு 2.5னு ஜெயிச்சாரே, அதனால சாதா செஸ்ஸுக்கு என்ன கொறஞ்சுது, ஒண்ணும் இல்ல.

சரி, அப்ப நான் எதுக்குப் பயப்படறேன்?

லூடோ எடுத்துக்கோ. 1896ல இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கின ஆட்டம் அது, நம்ம நாட்டுப் பழைய சோழி ஆட்டமான பச்சிசியை எளிமையாக்கினது. பச்சிசி நாலு பேர் ஆடுவாங்க ஆனா ரெண்டு ஜோடி, எதிரெதிர்ல உக்காந்தவங்க ஒரு கட்சி, ரெண்டு பேர் காயும் வீடு சேந்தாதான் ஜெயிப்பு, நீ மட்டும் முன்னாடி ஓடிப் போயி ஒரு பிரயோஜனமும் இல்ல. சோழியை உருட்டி வுழுந்ததுக்கப்புறமும் இந்தக் காயை இப்ப நகத்தணுமா வேணாமானு யோசிக்கணும், பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கற ஜோடிக்காக எதிரியோட வழியை மறிச்சுட்டு நிக்கணும். லூடோல சோழி போச்சு, ஒரே ஒரு பகடை, ஜோடி போச்சு, அவங்கவங்க காய் அவங்கவங்களுக்கு. ஆட்டம் ஈசியாச்சு, உலகம் பூரா போச்சு, சந்தோஷம்தான். ஆனா லூடோ ஆடற ஒரு குழந்தைக்கு இதுல முன்ன ஒரு ஜோடி இருந்துச்சுன்னு தெரியவே வழி இல்ல. போர்டு அதே சிலுவை மாதிரி இருக்கு, நடு வீடு இருக்கு, ஆனா இதுல இருந்து எதை எடுத்துட்டாங்கன்னு காட்ட ஒரு அடையாளம்கூட இல்ல. எனக்கு பயம் இதுதான் கண்ணா. மாத்தறதுல எனக்குப் பிரச்சனை இல்ல, இன்னது எடுத்தோம்னு சொல்லாம எடுக்கறதுதான்.

கிரிக்கெட்ல இது வேற மாதிரி நடந்துச்சு, அதை நெனச்சா எனக்கே குழப்பமா இருக்கும். ஆம்பளைங்க டெஸ்டுக்கு டி20யால ரன் வேகம் கூடிச்சு, புதுப் புது ஷாட் வந்துச்சு, அதை விடு. பொம்பளைங்க ஆட்டத்தைப் பாரு, மொத டெஸ்ட் 1934லயே ஆடிட்டாங்க, மொத உலகக் கோப்பை 1973ல, ஆம்பளைங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அதுவும் ஒன் டே. மிதாலி ராஜ் 2002ல இங்கிலாந்துல டான்டன்ல 214 அடிச்சாங்க, அப்ப பொம்பளைங்க டெஸ்ட்ல அதுதான் உலக ரெக்கார்டு, வயசு 19. அப்பேர்ப்பட்டவங்க 2022ல ரிட்டையர் ஆகறப்ப ஒன் டே 232, டெஸ்ட் 12. வெறும் பன்னெண்டு. 1999ல இருந்து ஆடினவங்க. இதுக்கு ஒன் டேயைத் திட்டறதா, இல்ல அந்த ஒன் டே இல்லன்னா 232 தடவை அவங்களைப் பாத்திருக்கவே முடியாதுன்னு கும்பிடறதா, எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. ஒரே நேரத்துல ரெண்டும் உண்மைன்னுதான் நெனைக்கறேன். சின்ன ஆட்டம் அவங்களுக்கு மேடை குடுத்துச்சு, ஆனா ஒரு நாள் பூரா அவுட் ஆகாம நிக்கற அந்தத் தெறமையைக் காட்ட அவங்களுக்குக் கெடச்சது பன்னெண்டே சான்ஸ்.

இதெல்லாம் யோசிச்சுட்டு இருக்கப்ப நேத்து ராத்திரி திடீர்னு ஒண்ணு ஞாபகம் வந்து எழுந்து உக்காந்துட்டேன். நான் உனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது செஸ்ஸே இல்லடா! உனக்கு அஞ்சு வயசு, போர்டுல வெறும் சிப்பாய் மட்டும், இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு, யாரோட சிப்பாய் மொதல்ல அந்தக் கோடிக்குப் போகுதோ அவங்க ஜெயிச்சாங்க. ரெண்டு மாசம் அதைத்தான் ஆடினோம். மீதிக் காயெல்லாம் அந்த மரடப்பாக்குள்ள, டப்பா போர்டுக்குப் பக்கத்துலயே இருக்கும். நீ உன் டர்ன் வர்ற வரைக்கும் மூடியைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, குதிரையை வெளிய எடுத்து உள்ளங்கையில வெச்சுக்கிட்டு "இது எப்பம்மா வரும்"னு கேப்ப. நான் நாளைக்குன்னு சொல்லுவேன், மறுநாளும் அதையேதான் சொல்லுவேன். குதிரையோட ஒரு காது அப்படித்தான் உன் கையில தேஞ்சு போச்சு, இன்னும் அப்படியே இருக்கு, இப்ப எடுத்துத் தடவிப் பாத்துட்டுதான் இதை எழுதறேன்.

அப்ப நானும்தானே வேரியன்ட் வெச்சு ஆரம்பிச்சேன், எந்த வாயால உன்னைத் திட்டினேன். ஆனா அந்த டப்பா பக்கத்துல இருந்துச்சு. உள்ள இன்னும் காய் இருக்குன்னு உனக்குத் தெரியும், அதுக்காக நீ ஏங்கின. சிப்பாய் ஆட்டம் உன்னை செஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனது அதனாலதான்னு நெனைக்கறேன். டப்பாவை நான் ஒளிச்சு வெச்சிருந்தா சிப்பாய் ஆட்டமே முழு ஆட்டம்னு நெனச்சு ரெண்டு மாசத்துல போரடிச்சுப் போயிருப்ப.

பாப்பா விஷயத்துக்கு வர்றேன். நீ 960லயே ஆரம்பிக்கறியா, ஆரம்பி, நான் குறுக்க வர மாட்டேன், அவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா அடுக்கி வெக்கறதே சந்தோஷமா இருக்கும், தப்பு பண்ணினா புக்குல இப்படி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். 518 வர்ற வரைக்கும் காத்திருக்காம நீயே ஒரு நாள் அதை அடுக்கி, இந்த ஒரு அடுக்குல ஜனங்க ஐநூறு வருஷமா ஆடிட்டிருக்காங்கன்னு அவகிட்ட சொல்லு. 1851ல லண்டன்ல ஜெர்மன் ஆட்டக்காரர் ஆண்டர்சன் ஆடின அந்த ஆட்டத்தை, ரெண்டு ரூக்கு, ராணி எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு மீதி இருந்த பிஷப்பையும் ரெண்டு குதிரையையும் வெச்சு மேட் பண்ணினாரே, அதை அவ கையாலயே ஒவ்வொரு மூவா வெக்கச் சொல்லு. நீ எட்டு வயசுல அதை வெச்சுப் பாத்துட்டு, ராணி போன எடத்துல அழுகை வந்து போர்டைக் கலைச்சுட்ட, அப்புறம் நீயே வந்து மறுபடி அடுக்கின. ஒவ்வொரு தடவையும் புது அடுக்குன்னே போனா அவளுக்கு அந்த ஆட்டத்துப் பாஷை தெரியாமப் போயிரும், பழைய ஆட்டங்களை எழுதி வெச்சது எழுதி வெச்சபடியே இருக்கும், படிக்க ஆள் இருக்காது. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தோண்டிருச்சுன்னு சொன்னியே, அது தோண்டினா தோண்டட்டும், பாப்பா இன்னும் தோண்டலயே. அவளுக்கு எல்லாமே புதுசுதான்.

அந்த மரடப்பாவை அடுத்த தடவை வர்றப்ப நீ எடுத்துட்டுப் போ. காது தேஞ்ச குதிரையும் உள்ளயே இருக்கு. பாப்பா எதை ஆடினாலும் டப்பா அவ கைக்கு எட்டற தூரத்துல இருக்கட்டும்.

நம்ம ரெண்டு பேர் ஆட்டம் பாக்கி இருக்கு, அடுத்ததும் 960லயே போடு, நம்பர் நீயே தேர்ந்தெடு. வெள்ளை எனக்கு வேணும். டைம் மட்டும் மூணு நிமிஷம் வெக்காத, ஒரு மூவுக்கு ஒரு நாள்னு வை, நான் கோட்டைக் கடைசி கட்டம் வரைக்கும் பாத்துட்டுதான் கை வெப்பேன்.

அம்மா